முந்திப் பூத்தவள்

இன்னும் அரைபடவில்லை. அத்தை கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். கிழங்கு முற்றிப்போய்க் கல்லாட்டம் கிடக்கிறது அத்தை, நேற்றே ஊறப்போட்டும் உள்நெஞ்சு ஊறவில்லை என்று. ஊறித்தான் இருக்கிறது. விரலால் அழுத்தினாலே மெத்தென்று உடைகிறது, குழவி நாலு தரம் போய் வந்ததில் விழுதாகிவிட்டது, நான்தான் அதை வழித்து மறுபடி நடுக்கல்லில் வைத்து மறுபடி இழுக்கிறேன். போ, வா. போ, வா. இந்த மஞ்சள் அத்தை கைக்குப் போனால் குளிப்பாட்டு. குளிப்பாட்டு ஆனதும் புதுத்துணி. புதுத்துணி கட்டி வாசலுக்கு அழைத்துப்போய் மணையில் உட்கார்த்தி வலது காலை நீட்டு என்பார்கள். அதற்குத்தான் வாசலில் துருத்தி ஊதுகிறது. ஆற்றுக்கு மேலே இரண்டு நாள் நடையில் இருக்கிற கோயிலிலிருந்து நேற்று மாலை வண்டியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள், ஒருவர் கோயில் கணக்கர், ஒருவன் கொல்லன். கொல்லன் மடியிலிருந்து அந்த இரும்பை எடுத்துக் காட்டினான், மூன்று முனைச் சூலம், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, இவ்வளவுதானா என்று மாமன் கேட்டார், இவ்வளவு போதும் என்றான். இப்போது அது கரிக்குள் கிடந்து சிவக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் நாலு முழத்தில் மாமன் கட்டின பச்சை ஓலைக் குடிசை, பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது, அதற்குள் என் தங்கை ஐயாறி பதினாறாம் நாளாக உட்கார்ந்திருக்கிறாள். பெரியவளாகிவிட்டாள். என்னைவிட இரண்டு வயசு சின்னவள், முந்திவிட்டாள். அப்படித்தான் ஊர் நினைக்கிறது. எனக்கு விடிந்ததிலிருந்து அடிவயிறு இழுத்துக்கொண்டிருந்தது, அம்மியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சூடாக இறங்கியது, இப்போது அடித்துணி நனைந்து ஒட்டுகிறது. இது எனக்கு நாலாவது முறை. ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, இன்றைக்கு ஒன்று. ஒருத்தருக்கும் தெரியாது. போ, வா.

இதெல்லாம் ஆரம்பித்தது பஞ்ச காலத்தில். மூன்று மழை பொய்த்த பிறகு. அப்பன் கடல் பக்கம் வேலை தேடிப் போகிறேன் என்று போனவர் போனவர்தான், தன் மேல்துணியை ஆத்தாளிடம் கொடுத்துவிட்டுப் போனார், வெறும் மேலோடு நடந்தால் வெயில் தாங்குமா என்று ஆத்தாள் கேட்டதற்கு, குழந்தைகளைப் போர்த்து என்றார். எனக்கு அப்போது ஏழு வயசு. அந்தத் துணியின் ஓரத்தில் அவுரிச் சாயத்தில் ஒரு நீலக் கோடு ஓடும், அதைப் பிடித்துக்கொண்டே தூங்குவேன். பிறகு ஆத்தாள் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்கு நடந்தாள். ஐயாறியை இடுப்பில் வைத்திருந்தாள், நான் கூடவே ஓடினேன். அங்கே களஞ்சிய வாசலில் எங்களை மாதிரி எத்தனையோ பேர். பெண்ணைக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்தால் நெல் அளப்பார்கள். அந்தப் பெண் காலில் சூலச் சூடு வாங்கிக்கொண்டு, அங்கேயே நெல் குத்திக்கொண்டு, தரை மெழுகிக்கொண்டு, பூக்கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அவளும் அவள் பெறுகிறதும் அது பெறுகிறதும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கணக்கர் நிமிர்ந்து பார்க்காமலே, எந்தப் பெண், பெயரைச் சொல் என்றார். ஆத்தாள் ஐயாறியை இடுப்பு மாற்றிக்கொண்டாள். எங்கள் கையில் யாரோ ஒரு பிடி பொரியைக் கொடுத்திருந்தார்கள், நாங்கள் மென்றுகொண்டிருந்தோம், எனக்கு அந்தப் பொரியின் உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. "பெரியவளா, சின்னவளா? வாயைத் திறம்மா, பின்னால் ஆள் நிற்கிறது." ஆத்தாள் என்னைப் பார்த்தாள், ஐயாறியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "எவள் முந்திப் பூக்கிறாளோ அவள்." கணக்கர் அப்போதுதான் நிமிர்ந்தார். "இது என்ன மாந்தோப்பா, பூக்கிறதைப் பார்த்துக் குறிக்க?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், பட்டினியிலும் சிரித்தார்கள். ஆனால் அப்படியே ஓலையில் எழுதி, பிறகு கல்லிலும் வெட்டிவிட்டார்களாம், இவள் மகளிர் இருவரில் முந்திப் பூத்தாள் ஒருத்தி என்று. கல்லில் பெயர் கிடையாது. எங்கள் ஊரில் இதைச் சொல்லும்போதெல்லாம், பாவம், எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்று சொல்ல வாய் வரும், தெய்வத்தின் கையில் விட்டுவிட்டாள் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பத்துப் பதினோரு வயசில் ஒரு நாள் களத்தில் கதிர் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது சும்மா ஒரு நினைப்பு வந்தது. இரண்டு வயசு பெரியவள் நான். முந்திப் பூக்கிறது யார் என்று ஆத்தாளுக்குத் தெரியாதா? அவள் தெய்வத்தின் கையில் ஒன்றும் விடவில்லை. என் பெயரைச் சொல்லாமல் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கதிர் பொறுக்க முடியவில்லை, வெயில் என்று சொல்லி மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அவளைக் கேட்டதில்லை. இன்றுவரை கேட்டதில்லை, சோறு போடும்போது அவள் கையைத்தான் பார்ப்பேன், என் தட்டில் ஒரு கவளம் கூடுதலாக விழும், அதுவும் எனக்குக் கசக்கும்.

"அடியே சாத்தி, மஞ்சளா அரைக்கிறே, மலையா அரைக்கிறே?" அத்தை. அடுக்களையிலிருந்து. "கிழங்கு முற்றல் அத்தை." "கிழங்கு முற்றல் இல்லே, நீதான் முற்றல். தங்கச்சி உட்கார்ந்து எழுந்திரிக்கப் போறா, நீ இன்னும் பிஞ்சாட்டம் திரியறே. அம்மியையாவது ஒழுங்கா இழு." யாரோ சிரிக்கிறார்கள். ஆத்தாள் சிரிக்கவில்லை, உளுந்தங்களி கிண்டுகிற துடுப்புச் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்கிறது, பதினாறு நாளாக அவளிடமிருந்து வருகிற சத்தம் அது ஒன்றுதான். துடுப்பு, துருத்தி, குழவி. மூன்றும் ஒரே தாளத்தில் விழுந்துவிடுகிறது சில நேரம், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வேண்டுமென்றே தப்பி இழுக்கிறேன். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கரி வாசனை வருகிறது. கரி வாசனை மட்டும்தான், இன்னும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அந்தக் கோயில் முற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண், என்னைவிடப் பெரியவள், மூக்கில் ஒரு மரு, அவளை மணையில் உட்கார்த்திக் காலை நீட்டச் சொன்னார்கள். அவள் நீட்டினாள். நல்ல பிள்ளையாக நீட்டினாள், பாதத்தில் மஞ்சள் பூசியிருந்தது. நான் சூட்டுக்கோலைப் பார்க்கவில்லை, அவள் கால்விரல்களைப் பார்த்தேன், ஐந்தும் தனித்தனியாக விரிந்தன, குருவி பறக்கப் போகிறபோது சிறகு விரிக்குமே, அப்படி. சத்தம் பிறகுதான் வந்தது. சத்தத்துக்கு முன்னால் வாசனை வந்தது. மஞ்சள் கருகின வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை. நான் பொரியைத் துப்பவில்லை, பசி, மென்று விழுங்கிவிட்டேன். அதனால்தானோ என்னவோ அது எனக்குள்ளேயே தங்கிவிட்டது. தூங்கும்போது வலது காலை இடது காலுக்கு அடியில் இழுத்து ஒளித்துக்கொள்கிறேனாம். ஐயாறி சொல்வாள், ராத்திரி பூரா என்னை உதைக்கிறே அக்கா, உன் காலைக் கட்டிப் போட்டால்தான் எனக்குத் தூக்கம். அவளுக்கு அந்தப் பெண் நினைவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயசு, ஆத்தாள் தோளில் தூங்கிவிட்டாள்.

ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் கழித்து வந்தது எனக்கு. நாணல் அறுக்கப் போன இடத்தில். முதலில் அரிவாள் பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன், காயத்தைத் தேடினேன், காயம் இல்லை என்றதும் அப்படியே தண்ணீருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். கழுத்தளவு தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தேனோ, ஆறு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன், மீன்கள் வந்து முட்டின. ஈரத்தோடு வீட்டுக்குப் போய்ப் பானை அடுக்கில் அடியிலிருந்த அப்பன் மேல்துணியை எடுத்து மூன்று துண்டு கிழித்தேன். வேறு துணி எடுத்தால் ஆத்தாளுக்குத் தெரியும், அந்தத் துணியை மட்டும் அவள் தொடமாட்டாள். கிழிக்கிற சத்தம் ஊருக்கே கேட்டது போலிருந்தது. நாள் கணக்கு வைத்துக்கொண்டேன், துணிக்குள் மடிக்கச் சாம்பல் வைத்துக்கொண்டேன், வயிற்றுவலி என்றால் நாவற்பழம் தின்றேன் என்றேன். துணிகளைத் தாழம்புதருக்குள் பொந்தில் ஒளித்தேன், தாழம்புதரில் பாம்பு இருக்கும், யாரும் கைவிட மாட்டார்கள், நான் விட்டேன். புரட்டாசியில் போய்ப் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன. நாய் இழுத்திருக்கும் என்று நினைத்தேன். நாய்தான். எவ்வளவு நாளைக்கு ஒளிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கவே இல்லை என்பது பொய். யோசித்தேன். ஐயாறிக்குப் பன்னிரண்டு முடிகிறது, இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ என்று யோசித்தேன். அந்த யோசனையை நான் முடிக்கவில்லை, அவ்வளவுதான், வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். பதினாறு நாளைக்கு முன்னால் விடியற்காலையில் ஐயாறி ஆத்தாள் முன்னால் போய் நின்று ஒரு துணிச்சுருட்டை நீட்டினாள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். ஆத்தாள் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. அப்போது எனக்குள் முதலில் வந்தது என்ன? அதை இந்த அம்மிக்கு மட்டும் சொல்லலாம். சந்தோஷம். பால் நுரை பொங்குகிற மாதிரி, தடுக்க முடியாமல். என் வலது கால் தன்னாலேயே நீண்டு வெயிலில் கிடந்தது. அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது.

"அக்கா." ஓலைக்குப் பின்னாலிருந்து. "ம்." "மஞ்சள் வாசனை வருது. பசிக்குது எனக்கு. மஞ்சள் வாசனைக்குப் பசிக்குமா?" "உனக்கு எதுக்குத்தான் பசிக்காது." "அந்தக் கணக்கர்கிட்டே மாமன் கேட்டாராம், அங்கே ரெண்டு வேளையும் சோறாமே. திருநாள்னா மூணு வேளையாம். வெல்லம் போட்டுப் பொங்கல் வைப்பாங்களாம்." நான் குழவியை இழுத்தேன். "நான் உனக்கு எடுத்து வைக்கிறேன். திருநாளைக்கு நீ வா." "வர்றேன்." "வருவியா?" "வர்றேன்னு சொல்றேனில்லே." கொஞ்ச நேரம் ஓலைச் சலசலப்பு. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது, பதினாறு நாள் இருந்ததே அதிசயம், முதல் மூன்று நாள் ஓலையைக் கிழித்துக் கிழித்துக் கிளி செய்தாள், பிறகு பாம்பு செய்தாள், பிறகு ஓலைச் சுவரிலேயே ஓட்டை விழுந்துவிட அத்தை வெளியிலிருந்து சாக்கைத் தொங்கவிட்டாள். "அக்கா, அந்த இரும்பு எவ்வளவு நேரம் வைப்பாங்க?" "தெரியாது." "இருபது எண்றதுக்குள்ளே எடுத்துடுவாங்களா? எனக்கு இருபதுக்கு மேலே எண்ணத் தெரியாதே." குழவி நின்றுவிட்டது. நானே நிறுத்தவில்லை, கை நின்றுவிட்டது. "எடுத்துடுவாங்க" என்றேன். "அப்போ சரி." சின்ன வயசில் ஆற்றுக்கு ஓட்டப்பந்தயம் விடுவோம். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன், இரண்டிலேயே ஓடிவிடுவாள். பிடிக்க முடியாதா என்ன, என் கால் நீளம், இரண்டு எட்டில் பிடித்துவிடலாம், பிடிக்க மாட்டேன். கரையில் போய் நின்றுகொண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான்தான் முந்தி, நான்தான் முந்தி என்று ஊரைக் கூட்டுவாள். சரி, நீதான் முந்தி என்பேன். எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருப்பேன்.

கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வெளுக்கிற நாச்சி வருகிறாள். தலையில் மூட்டை, அதற்கு மேலே தனியாக மடித்து இன்றைக்கு ஐயாறி கட்டிக்கொள்ள வேண்டிய மாற்று. பூப்படைந்த பெண்ணுக்கு நாச்சி கொண்டுவருகிற மாற்றைத்தான் கட்ட வேண்டும், அவள் முதல் தீட்டுத்துணி நாச்சிக்குச் சொந்தம், கேட்டு வாங்கிக்கொள்வாள், விட்டுக்கொடுக்கமாட்டாள், இந்த ஊரில் எந்தப் பெண் எந்த மாசம் பெரியவளானாள் என்று அவள் பெட்டியைத் திறந்தால் தெரியும் என்பார்கள். "என்ன குட்டி, கல்லைத் தேய்ச்சே கரைச்சிடுவே போலிருக்கே. அம்மிக்கும் சேர்த்து மஞ்சள் குளிப்பாட்டா?" "கிழங்கு முற்றல் பெரியம்மா." "எல்லாரும் கிழங்கைத்தான் சொல்லுங்க." என் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு துணியை எடுத்தாள். "இது உன் தங்கச்சி கொடுத்தது. எனக்கு உரிமைப்பட்டது. எடுத்துப்போய்ப் பச்சைத் தண்ணியிலே போட்டேன், போகலே. உவர்மண் போட்டேன், வெள்ளாவி வச்சேன், போகலே." குரலைத் தாழ்த்தினாள். "அன்னன்னைக்குக் கறைன்னா ஆத்துத் தண்ணி தொட்டாலே கரைஞ்சு ஓடும். இது ஓடமாட்டேங்குது. ரெண்டு மாசம், மூணு மாசம் காத்தாடக் கிடந்த கறை. நாப்பது வருஷம் துவைச்ச கை இது, இதுகிட்டே ஒருத்தியும் பொய் சொன்னதில்லே." துணியை அம்மிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். "இந்தத் துணி எனக்கு வேண்டாம். பொய்த்துணியை என் பெட்டியிலே வைக்கமாட்டேன். அது யாருதோ அவளே வச்சுக்கட்டும். நான் ஒண்ணும் கேட்கலே, ஒருத்தர்கிட்டேயும் ஒண்ணும் சொல்லலே. கேட்டா மட்டும் சொல்லுவேன்." முழங்காலில் கையூன்றி எழுந்து, மாற்றை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். போகிறபோதே, "களி ஆச்சா, எனக்கு ரெண்டு உருண்டை எடுத்து வை" என்று அத்தையிடம் உரக்கக் கேட்கிறாள். நான் துணியைப் பார்க்கவில்லை. மஞ்சளை வழித்தேன், நடுக்கல்லில் வைத்தேன், இழுத்தேன். போ, வா. பிறகு பார்த்தேன். ஓரத்தில் நீலக் கோடு.

நாய் இல்லை. தாழம்புதருக்குள் கைவிட்டது நாய் இல்லை. பாம்பு இருக்கும் என்று தெரிந்தே கையை விட்டிருக்கிறாள், அவளுக்குப் பல்லி என்றாலே பயம். எப்போது பார்த்தாள், நான் ஒளிக்கும்போது பின்னாலேயே வந்தாளா, எத்தனை நாள் இந்தத் துணியை வைத்துக்கொண்டு யோசித்தாள், பன்னிரண்டு வயசில் ஒரு பிள்ளை என்ன யோசிக்கும்? அவள் பெரியவளாகவில்லை. ஒன்றும் ஆகவில்லை அவளுக்கு. பதினாறு நாளாக அந்தக் குடிசைக்குள் ஓலைக் கிளி செய்துகொண்டு இருப்பது ஒரு குழந்தை. இரண்டு எண்ணுவதற்குள் ஓடிவிட்டாள். சோற்றுக்காக ஓடினாளா? இருக்கலாம். பஞ்சத்தில் முளைத்த பிள்ளை, எவ்வளவு சாப்பிட்டாலும் பானைக்குள் எட்டிப் பார்ப்பாள். எனக்காக ஓடினாளா? என் காலைப் பார்த்திருக்கிறாள், ராத்திரி ராத்திரி என் கால் அவளை உதைத்தே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்தால் தேவலை. சோற்றுக்காக என்றால் நான் கொஞ்சம் மூச்சு விடலாம். போய்ச் சாப்பிடட்டும், நல்லா இருக்கட்டும் என்று விடலாம். பார், இப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் யோசிக்கிறேன். இப்போது நான் எழுந்து நின்றால் என்ன ஆகும்? கறை தெரியும். தெரிந்தால் என்ன, பயமே இல்லை, அதுதான் வேடிக்கை. முந்தினவள் குடிசைக்குள் இருக்கிறாள், அப்போது நான் பிந்தினவள். அத்தை பார்த்துவிட்டுக் கையைத் தட்டுவாள், தங்கை எழுந்திருக்கிற அன்றைக்கே அக்காளும் உட்கார்ந்துவிட்டாள் என்று குலவை போடுவாள், நாச்சி புதிதாக ஒரு துணி வாங்கிக்கொள்வாள், ஐயாறி எழுந்துபோன அதே குடிசையில், அவள் செய்த ஓலைக் கிளிகளுக்கு நடுவில் என்னை உட்கார்த்துவார்கள். அதோடு முடிந்தது. இனி நாள் எண்ண வேண்டாம், சாம்பல் வேண்டாம், தாழம்புதர் வேண்டாம். எழுந்து நின்றால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் என்ன ஆகும்? பொய் சொன்னதற்கு இரண்டு பேரையும் கொண்டுபோனால்? அப்போது இரண்டு கால். ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டு கால். இது நியாயமான பயம்தானே, நாலு பேரைக் கேட்டாலும் நியாயம் என்பார்கள். ஆனால் கல்லில் ஒருத்தி என்றுதானே வெட்டியிருக்கிறது. கல் மாறுமா? ஆத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன சொல், ஒருத்தி. நான் இப்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மி, மஞ்சள், நீலக் கோடு, தரை. ஆத்தாள் அன்றைக்கு என்ன பார்த்தாள் என்று ஏழு வருஷமாகத் தெரியாமல் இருந்தது. தரையைத்தான் பார்த்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை. பெயரைச் சொல்லாமல் இருந்தாலே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்ததாகிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அக்கா." இப்போது குரல் மிகக் கிட்டத்தில் கேட்கிறது, ஓலையில் வாயை வைத்துப் பேசுகிறாள், சாக்கை விலக்கிவிட்டாள். "அக்கா, உன் பின்னாலே துணியிலே பட்டிருக்கு." நான் திரும்பப் போனேன். "திரும்பாதே. யாரும் பார்க்கலே, நான் மட்டும்தான் பார்த்தேன்." மூச்சு வாங்குகிறது அவளுக்கு, ஓடி வந்தவள் மாதிரி. "இப்போ எழுந்திரு அக்கா. இப்போ எழுந்தா சரியா இருக்கும். நான் முந்தி, நீ பிந்தி. நான் கணக்குப் போட்டுத்தான் வச்சிருந்தேன், இந்த வாரம்தான் உனக்குன்னு." இருபதுக்கு மேலே எண்ணத் தெரியாதவள். எப்படி எண்ணினாளோ, ஓலையைக் கிழித்து எண்ணினாளோ, கிளிக்கு ஒரு நாள் என்று. "அழாதே. அழுதா அத்தை வந்துடுவா. எழுந்திரு." நான் அழவில்லை. மஞ்சள் கையோடு முகத்தைத் துடைத்திருக்கிறேன் போலிருக்கிறது, கண் எரிகிறது. வாசலில் துருத்திச் சத்தம் நின்றது. கொல்லன் இரும்பு பழுத்துவிட்டது என்று சொல்கிற குரல், மாமன், பெண்ணைக் குளிப்பாட்டியாச்சா என்று கேட்கிற குரல், அத்தை, இதோ, இவ மஞ்சளை வச்சுக்கிட்டுக் குடியிருக்கா என்று எரிந்து விழுந்துகொண்டே கொல்லைக்கு வருகிறாள், பின்னால் நாச்சி களி உருண்டையோடு, அதற்கும் பின்னால் துடுப்பைக் கையில் பிடித்தபடி ஆத்தாள். "ஏண்டி, இன்னுமா?" "ஆயிடுச்சு அத்தை" என்றேன். மஞ்சளை வழித்துக் கிண்ணத்தில் போட்டேன். குழவியைக் கழுவிக் கல்லோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தேன். தரையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது, வலது கால், தரையில் ஊன்றினதும் ஆயிரம் எறும்பு. முதலில் அத்தைதான் பார்த்தாள். கை வாய்க்குப் போனது, கண் விரிந்தது, குலவை ஆரம்பித்துவிட்டாள், ஒரு இழை வந்துவிட்டது. நான் துணியை விரித்து நீலக் கோடு தெரிய ஆத்தாள் முன்னால் பிடித்தேன். "இது என்னுது. ஆடி மாசத்துது. நாச்சிப் பெரியம்மாவைக் கேளு." குலவை அப்படியே நின்றது. நாச்சி களியைக் கீழே வைத்தாள். "ஆமாம்" என்றாள், கேட்டால் மட்டும் சொல்லுவேன் என்றவள், கேட்கும்வரை காத்திருக்கவில்லை. ஆத்தாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நாச்சியைப் பார்க்கவில்லை. அப்பன் துணியை இரண்டு விரலால் தொட்டாள், கோட்டோடு விரலை ஓட்டிக்கொண்டு போனாள், கிழிந்த இடம் வரை. பிறகு, "சாத்தி" என்றாள். அன்றைக்குக் கணக்கர் கேட்டபோது வராத பெயர். நான் வலது காலை ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தேன். அப்போதுதான் பின்னால் ஓலை பிய்கிற சத்தம். குடிசையைக் கிழித்துக்கொண்டு தலைமுடியெல்லாம் ஓலைத்தும்போடு ஐயாறி வெளியே வருகிறாள், கால் தடுக்கி விழுகிறாள், எழுந்திருக்கிறாள், முகமெல்லாம் அழுகையும் கோபமுமாக, ஆற்றங்கரையில் நிற்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊரே கேட்கக் கத்துகிறாள், "இல்லே, அக்கா பொய் சொல்றா! நான்தான் முந்தி! ஆத்தா, நான்தான் முந்தி!"